ஜெயில் செங்கல்லில் எழுந்த கோர்ட்: ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு பகல்

தென்னாப்பிரிக்கா போகிறேன் என்றதும் ஆபீஸில் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான். "சிங்கம் பார்ப்பியா?" வீட்டில் அம்மா கேட்டது வேறு. "அங்க வைரம் விலை கம்மியாமே?" இரண்டுக்கும் சிரித்து வைத்தேன். ஜோகன்னஸ்பர்க்கில் இறங்கிய மூன்றாம் நாள் நான் நின்ற இடத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். உடனே அம்மாவின் வாய்ஸ் மெசேஜ். "இவ்வளவு செலவு பண்ணிப் போய் ஜெயிலையா பார்க்குற?"

ஜெயில்தான். ஆனால் அதே காம்பவுண்டுக்குள் அந்த நாட்டின் மிக உயர்ந்த கோர்ட்டும் இருக்கிறது. ஜெயிலின் ஒரு பகுதியை இடித்து, அந்தச் செங்கல்லை எடுத்துக் கோர்ட்டைக் கட்டியிருக்கிறார்கள். இடத்தின் பெயர் கான்ஸ்டிட்யூஷன் ஹில். நெட்டில் இதைப் படித்த நாளிலிருந்தே ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது.

என் பெரியம்மா மகள் ஆறு வருடமாக ஜோகன்னஸ்பர்க்வாசி. அத்தானுக்கு சாண்ட்டன் பகுதியில் ஐ.டி. வேலை. அக்கா இந்தக் குன்றுக்கு இதுவரை வந்ததே இல்லை. "டவுன் பக்கம் நாங்க போறதில்லடி" என்றாள். நான் நச்சரித்த பிறகு, "சரி, மதியத்துக்குள்ள திரும்பிடணும்" என்ற கண்டிஷனுடன் கிளம்பினாள்.

ஜூலை மாதம். அங்கே அது நடுக்குளிர்காலம். ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் ஏற்காட்டைவிட உயரம். வெயில் கண்ணைக் கூசுகிறது, காற்று எலும்பைக் குத்துகிறது. சாண்ட்டனில் கௌட்ரெயின் ஏறினால் ரோஸ்பேங்க், அதை அடுத்து பார்க் ஸ்டேஷன். இறங்கியதும் அக்கா சொன்னது: "போனைப் பைக்குள்ள வை. ரோட்டுல எடுக்காத." டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்க்கிறவளிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது? வைத்துவிட்டேன். அங்கிருந்து குன்று கிட்டத்தில்தான். "நடக்கலாமே" என்றேன். அக்கா பதில் சொல்லாமல் ஊபர் புக் செய்தாள்.

நம்பர் ஃபோர்

குன்றின் மேல் முதலில் வந்தது சிறை. 1890களின் தொடக்கத்தில் கட்டியது. சில வருடங்களில் பிரிட்டிஷாரின் படையெடுப்புக்குப் பயந்து அன்றைய போயர் அரசு, அதாவது டச்சு வழிவந்த வெள்ளையர்களின் அரசு, சிறையைச் சுற்றி மண்மேடு எழுப்பிக் கோட்டையாக்கியது. பயந்தபடியே பிரிட்டிஷார் வந்தார்கள், ஜெயித்தார்கள், கோட்டையை மறுபடி சிறையாக்கினார்கள். அதன் பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. வெள்ளையருக்குப் பழைய கோட்டை. கறுப்பினத்தவருக்கு 'நம்பர் ஃபோர்'. பெண்களுக்குத் தனிச் சிறை. விசாரணைக் கைதிகளுக்கு 1928ல் ஒரு கட்டடம். எல்லாமே 1983ல் மூடப்பட்டன.

மண்மேட்டில் ஏறி நின்றால் ஊர் இரண்டாகத் தெரிகிறது. ஒரு பக்கம் மரங்களுக்குள் ஒளிந்த பணக்கார வீடுகள். இன்னொரு பக்கம் ஹில்ப்ரோவின் நெருக்கமான அடுக்குமாடிகள், பால்கனிகளில் காயும் துணிகள்.

நம்பர் ஃபோருக்குள் நுழைந்ததும் அக்கா பேச்சை நிறுத்திவிட்டாள். வரிசையாகக் கழிப்பறைகள், கதவே இல்லை. எதிரிலேயே கைதிகள் உட்கார்ந்து சாப்பிட்ட முற்றம். சாப்பாடும் நிறத்துக்கு ஏற்றபடி வேறு வேறு. இந்தியர், கலப்பினத்தவருக்குக் கொஞ்சம் மேல், கறுப்பினத்தவருக்கு எல்லாவற்றிலும் குறைவு. வேலை முடிந்து திரும்பும் கைதி, உடம்பில் எதையும் ஒளித்து வைக்கவில்லை என்று காட்ட, நிர்வாணமாகத் துள்ளிக் குதித்துக் கைதட்டி வாயைத் திறந்து காட்ட வேண்டும். அதற்கு 'தவுசா' என்று ஒரு பெயரும் வைத்திருந்தார்கள். வைத்த அவமானத்துக்குப் பெயர் வேறு.

இதில் என்னைப் பிடித்து நிறுத்தியது போர்வைகள். பரிசோதனைக்காகக் கைதிகள் போர்வையை மடித்து வைக்க வேண்டும். வெறுமனே மடிக்காமல், அதைப் பீரங்கி வண்டி மாதிரியெல்லாம் செதுக்கினாற்போல் மடித்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட மடிப்புகளைச் செய்து காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு போர்வைக்கு முன்னால் அவ்வளவு நேரம் நிற்பேன் என்று நினைக்கவில்லை.

இங்கே அடைபட்டவர்கள் எல்லோரும் போராளிகள் இல்லை. திருடியவர்கள் உண்டு, கொலை செய்தவர்கள் உண்டு. மிகப் பலர் செய்த குற்றம், கையில் 'பாஸ்' இல்லாமல் தெருவில் நடந்தது. சொந்த நாட்டில், எந்த ஊரில் இருக்கலாம் என்று எழுதிய தாள் அது. 1956ல் நெல்சன் மண்டேலா உட்பட 156 பேர் தேசத்துரோக வழக்கில் கைதானபோது இங்கேதான் கொண்டுவந்தார்கள். 1962ல் மண்டேலா மறுபடி வந்தார். அப்போது அவரை வைத்தது கோட்டையின் மருத்துவமனைப் பகுதியில். பெண்கள் சிறையில் வின்னி மண்டேலா இருந்தார், ஆல்பர்ட்டினா சிசுலு இருந்தார், டர்பனைச் சேர்ந்த இந்திய வம்சாவளிப் பேராசிரியர் ஃபாத்திமா மீர் 1976ல் இருந்தார்.

நம்மவர்களும் இருந்தார்கள். காந்தி 1908ல் முதல் முறை சிறை சென்றது இந்த ஜோகன்னஸ்பர்க் சிறைக்குத்தான். அவருடன் போனவர் தம்பி நாயுடு. மொரீஷியஸில் பிறந்தவர், ஜோகன்னஸ்பர்க் தமிழர் சங்கத்தின் தலைவர், வண்டி ஓட்டிப் பிழைத்தவர். காந்தி அந்த ஊரில் நடத்திய போராட்டத்தில் எண்ணிக்கைக்கு மீறிச் சிறை போனவர்கள் தமிழர்கள்தான். அதில் ஒருவன் நாகப்பன், 18 வயது. 1909ல் இதே குளிர்காலத்தில் தண்டனை. விடியற்காலையில் சாலை போடும் வேலை. நிமோனியா வந்து, விடுதலையான சில நாட்களில், ஜூலை மாதம் இறந்துபோனான். ஸ்வெட்டருக்கு மேல் ஜாக்கெட் போட்டுக்கொண்டு நான் அதைப் படித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் எது?

இந்தச் சிறையை நடத்திய அரசு, தேர்தலில் தோற்றோ போரில் தோற்றோ போகவில்லை. பேசிப் பேசிப் போனது. கோர்ட்டுக்குள் போகும் முன் அந்தக் கதையைச் சொல்லியே ஆக வேண்டும்.

1990 பிப்ரவரி 2ல் அதிபர் டி கிளார்க், ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் மீதான தடையை நீக்கினார். பிப்ரவரி 11ல் மண்டேலா வெளியே வந்தார். 27 வருடச் சிறை. அதற்குப் பிறகு ஓட்டுப்பெட்டி வர நாலு வருடத்துக்கு மேல் ஆனது. அந்த நாலு வருடமும் ரத்தம். 1992ல் பொய்பதோங்கில் படுகொலை, பேச்சுவார்த்தை முறிந்தது. 1993 ஏப்ரலில் இளைஞர்களின் நாயகன் கிரிஸ் ஹானியை வீட்டு வாசலில் சுட்டார்கள். அதே ஜூனில் வெள்ளைத் தீவிரவாதிகள் கவச வண்டியால் கண்ணாடியை உடைத்துக்கொண்டு பேச்சுவார்த்தை நடந்த கட்டடத்துக்குள்ளேயே புகுந்தார்கள். ஒவ்வொரு முறையும் நின்றுபோகும் என்று நினைத்தது மறுபடி தொடங்கியது.

பேச்சின் நடுவில் ஒரு கோழி-முட்டைச் சிக்கல். புதிய அரசியலமைப்புச் சட்டத்தை யார் எழுதுவது? மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள்தான் எழுத வேண்டும் என்றது மண்டேலாவின் கட்சி. தேர்தல் நடந்தால் பெரும்பான்மை எங்களை விழுங்கிவிடும், எங்கள் உரிமைக்கு என்ன உத்தரவாதம் என்றது வெள்ளையரின் தேசியக் கட்சி. மண்டேலா பக்கம் சிரில் ராமபோசா, அரசு பக்கம் ரூல்ஃப் மேயர், இருவரும் முன்னின்று கண்ட வழி விசித்திரமானது. முதலில் ஓர் இடைக்காலச் சட்டம். அதற்குள் மீற முடியாத 34 கொள்கைகள். அந்த இடைக்காலச் சட்டத்தின்படி 1994 ஏப்ரல் 27ல் தேர்தல். ஜெயித்து வரும் 490 பேர் இரண்டு வருடத்தில் நிரந்தரச் சட்டத்தை எழுத வேண்டும். எழுதியது அந்த 34 கொள்கைக்கும் பொருந்துகிறதா என்று ஒரு புதிய கோர்ட் திருத்திப் பார்த்து பாஸ் போட வேண்டும்.

சட்டத்துக்கே பரீட்சை. பேப்பர் திருத்துகிற வாத்தியார்தான் இந்த கோர்ட்.

மரத்தடி

சிறைக்கும் கோர்ட்டுக்கும் நடுவில் அகலமான படிக்கட்டு. விசாரணைக் கைதிகள் கட்டடத்தை இடித்தெடுத்த கல் அதில் இருக்கிறது. அந்தக் கட்டடத்தின் மாடிப்படிகள் நாலை மட்டும் இடிக்காமல் விட்டிருக்கிறார்கள். சுற்றிலும் கட்டடமே இல்லாமல் மாடிப்படி மட்டும் கோபுரம்போல் நிற்பது பார்க்க என்னவோ போல் இருக்கிறது. ஏறினால் எங்கேயும் போகாத படி.

கோர்ட் வாசலில் ஆளைவிடப் பல மடங்கு உயரமான மரக்கதவு. அதில் சட்டம் தரும் 27 அடிப்படை உரிமைகளைச் செதுக்கியிருக்கிறார்கள். சைகை மொழியிலும் இருக்கிறது, விரல்களும் உள்ளங்கைகளுமாக. கோர்ட் திறந்தது 2004 மார்ச் 21ல். சைகை மொழி அந்த நாட்டின் 12வது ஆட்சி மொழியானது 2023ல். கதவு சட்டத்துக்கு 19 வருடம் முன்னால் போயிருக்கிறது.

உள்ளே தூண்கள் எல்லாம் சாய்ந்து நிற்கின்றன. கட்டடக் கோளாறோ என்று பார்த்தேன். மரங்கள் நேராகவா வளர்கின்றன? கோர்ட்டின் சின்னமே, ஒரு மரத்தடியில் கூடி நிற்கும் மக்கள்தான். அந்தக் காலத்தில் ஊர்த் தகராறை மரத்தடியில் பேசித் தீர்த்ததன் அடையாளம். கூரை இடுக்கு வழியாக வெயில் இலை நிழல் போலத் தரையில் விழுகிறது. "நம்ம ஊர் அரசமரத்தடி பஞ்சாயத்து" என்றாள் அக்கா. நம் பஞ்சாயத்துகளில் சிலது கொடுத்த தீர்ப்புகள் ஞாபகம் வந்து நான் ஒன்றும் சொல்லவில்லை.

விசாரணை நடக்கும் கூடத்தில் ஒரு பக்கச் சுவர் முழுக்கப் பழைய சிறைச் செங்கல். 11 நீதிபதிகளின் மேஜை முகப்பில் மாட்டுத் தோல் போர்த்தியிருக்கிறது, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு புள்ளிக் கோலம். நீதிபதிகளின் பின்னால் நீளமாக, ஒடுக்கமாக ஒரு ஜன்னல். அதில் வானம் தெரியாது. வெளியே நடக்கிறவர்களின் கால்கள் தெரியும். கூடம் தரைக்குச் சற்றுக் கீழே இருப்பதால், தெருவில் போகிறவனின் செருப்பு நீதிபதியின் தலைக்கு மேலே போகிறது. தெரிந்துதான் அப்படிக் கட்டியிருக்கிறார்கள். நாங்கள் உட்கார்ந்திருந்தபோது ஒரு ஜோடி பள்ளிக்கூட ஷூ ஓடியது.

மண்டேலா தோற்ற வழக்கு

இதெல்லாம் போட்டோவுக்கு நன்றாக இருக்கிறது. நானும் எடுத்தேன். ஆனால் இந்த இடத்தை கோர்ட் ஆக்கியது செங்கல் இல்லை என்பது என் எண்ணம். கட்டடம் எழும் முன்பே, வாடகை இடத்தில் கோர்ட் நடந்த காலத்தில், இரண்டு சம்பவங்கள் நடந்தன.

முதலாவது 1995. மண்டேலா அதிபர். கோர்ட்டின் தலைவர் ஆர்தர் சாஸ்கால்சன், 30 வருடங்களுக்கு முன் ரிவோனியா வழக்கில் மண்டேலாவுக்காக வாதாடிய வக்கீல்களில் ஒருவர். அவரை அந்தப் பதவியில் அமர்த்தியவர் மண்டேலா. அந்த ஜூனில் கோர்ட் மரண தண்டனையை ஒழித்தது. மக்களில் பெரும்பான்மையோர் மரண தண்டனையை விரும்பலாம், ஆனால் எங்கள் முன் உள்ள கேள்வி அது இல்லை என்று சாஸ்கால்சன் எழுதினார். சரி, மண்டேலாவுக்கும் அது பிடித்த தீர்ப்பு.

செப்டம்பரில் வந்ததுதான் சோதனை. உள்ளாட்சித் தேர்தலுக்காக மண்டேலா சில உத்தரவுகளைப் போட்டிருந்தார். நாடாளுமன்றமே அந்த அதிகாரத்தை அவருக்குக் கொடுத்திருந்தது. வெஸ்டர்ன் கேப் மாகாண அரசு வழக்குப் போட்டது. அந்த மாகாணத்தை ஆண்டது யார்? தேசியக் கட்சி. மண்டேலாவை 27 வருடம் உள்ளே வைத்த அதே கட்சி. சட்டம் இயற்றும் வேலையை நாடாளுமன்றம் இப்படி அதிபர் கையில் தூக்கிக் கொடுக்க முடியாது என்று சொல்லி, கோர்ட் உத்தரவுகளை ரத்து செய்தது. அவர் நியமித்த கோர்ட், அவரைச் சிறையில் வைத்தவர்கள் கொடுத்த வழக்கில், அவருக்கு எதிராக.

மண்டேலா அன்றே மக்கள் முன் வந்து, தீர்ப்பை ஏற்கிறேன் என்றார். முறுமுறுக்கவில்லை, நீதிபதிகளைத் திட்டவில்லை. நாடாளுமன்றத்தைக் கூட்டிச் சட்டத்தைத் திருத்தினார்கள். இத்தனைக்கும் அன்று அவர் 'முடியாது' என்றிருந்தால் நாட்டில் பாதிப் பேர் அவர் பக்கம் நின்றிருப்பார்கள்.

அடுத்தது 1996. 490 பேரும் இரவு பகலாக உட்கார்ந்து, மக்களிடமிருந்து வந்த 20 லட்சம் மனுக்களை வாங்கி, மே 8ல் புதிய சட்டத்தை நிறைவேற்றினார்கள். உலகமே கைதட்டியது. செப்டம்பர் 6ல் கோர்ட் சொன்னது: ஃபெயில். 34 கொள்கைக்குச் சில இடங்களில் பொருந்தவில்லை, எழுதிக் கொண்டு வாருங்கள். மாகாணங்களுக்குப் போதிய அதிகாரம் இல்லை. சட்டத்தைத் திருத்துவது இன்னும் கடினமாக இருக்க வேண்டும். 'பப்ளிக் புரொடெக்டர்' என்ற, அரசின் முறைகேடுகளை விசாரிக்கும் அதிகாரியைச் சாதாரணப் பெரும்பான்மையால் தூக்கிவிட முடியும் என்றால் அவர் எப்படிச் சுதந்திரமாக இருப்பார்? திருத்தி எழுதினார்கள். டிசம்பர் 4ல் பாஸ். டிசம்பர் 10ல் மண்டேலா ஷார்ப்வில்லில் கையெழுத்திட்டார். 1960ல் பாஸ் சட்டத்தை எதிர்த்துக் கூடியவர்களைப் போலீஸ் சுட்டுக் கொன்ற ஊர் அது.

அந்த மூன்றாவது ஆட்சேபத்தை மறந்துவிடாதீர்கள். இருபது வருடம் கழித்து அதுதான் பயன்பட்டது.

அதிபர் ஜேக்கப் ஜூமா, இங்கன்லா என்ற தன் கிராமத்து வீட்டுக்குப் 'பாதுகாப்பு வசதி' என்று அரசுப் பணத்தைச் செலவழித்தார். 24 கோடி ராண்டுக்கு மேல். அதில் மாட்டுத் தொழுவம் வந்தது, கோழிக்கூண்டு வந்தது, நீச்சல் குளம் வந்தது. குளம் எதற்கு என்றதற்கு, தீப்பிடித்தால் அணைக்க என்று அமைச்சரே விளக்கம் கொடுத்தார்! பப்ளிக் புரொடெக்டராக இருந்த துலி மடொன்செலா 2014ல் அறிக்கை கொடுத்தார்: பாதுகாப்புக்குத் தொடர்பில்லாத செலவில் ஒரு பங்கைத் திருப்பிக் கட்டுங்கள். ஜூமா கட்டவில்லை. மடொன்செலாவை ஆளுங்கட்சி திட்டித் தீர்த்தது, ஆனால் தூக்க முடியவில்லை. மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும் என்று 1996லேயே கோர்ட் போட்ட பூட்டு. 2016 மார்ச் 31ல், நான் உட்கார்ந்திருந்த இதே கூடத்தில், 11 நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள்: அதிபர் அரசியலமைப்புச் சட்டத்தைக் காக்கத் தவறிவிட்டார். ஜூமா 78 லட்சம் ராண்ட் கட்டினார்.

கதையை இத்தோடு முடித்திருந்தால் எனக்கும் நன்றாக இருந்திருக்கும்.

கூடத்தை விட்டு வெளியே வரும்போது அக்கா கேட்டாள். "2021ல அந்த ஆளை உள்ளே போட்டதும் இந்த கோர்ட்தானே?" இதே கோர்ட்தான். ஊழல் விசாரணைக் கமிஷன் முன் ஆஜராக மறுத்ததற்காக, நீதிமன்ற அவமதிப்பு வழக்கில் 15 மாதச் சிறை. ஜூலை 7 இரவு ஜூமா சரணடைந்தார். அடுத்த நாட்களில் குவாசுலு-நட்டாலும் ஜோகன்னஸ்பர்க்கும் எரிந்தன. கடைகள் சூறை, 350க்கும் மேற்பட்டோர் சாவு. தமிழ் வம்சாவளியினர் நிறைய வாழும் டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸில் மட்டும் 30க்கும் மேல். இறந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர்கள். இந்தியப் பகுதிகளில் தெருவுக்குத் தெரு தடுப்பு போட்டுக் காவல் நின்றவர்கள் சிலர் மீது கொலை வழக்கே வந்தது. "அந்த வாரம் பால் வாங்கக்கூட நாங்க வெளிய போகல" என்றாள் அக்கா. "சட்டம் நல்லாத்தான் இருக்கு. வீட்டைச் சுத்தி மின்வேலி போட்டுட்டுத்தான் தூங்குறோம்."

ஜூமா இரண்டு மாதத்தில் மருத்துவ பரோலில் வெளியே வந்துவிட்டார்.

இதைவிட எனக்கு உறுத்தியது இரீன் குரூட்பூம் கதை. கேப் டவுன் அருகே, குடிசை இடிக்கப்பட்டு, குழந்தைகளுடன் மைதானத்தில் பிளாஸ்டிக் ஷீட்டின் கீழ் கிடந்த பெண். வீடு எனக்கு உரிமை என்று வழக்குப் போட்டார். 2000 அக்டோபரில் இந்தக் கோர்ட் அவருக்குச் சாதகமாகச் சொன்னது. தீர்ப்பை எழுதியவர் ஸாக் யாகூப், டர்பன் இந்தியர், கைக்குழந்தையிலேயே பார்வை இழந்தவர். இக்கட்டில் கிடப்பவர்களை விட்டுவிட்டு அரசு ஒரு வீட்டுத் திட்டம் போட முடியாது என்ற அந்தத் தீர்ப்பை உலகம் முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் படிக்கிறார்கள். இரீன் குரூட்பூம் 2008ல் இறந்தார். வீடு கிடைக்கவில்லை. குடிசையில்தான் இருந்தார்.

2002ல் இதே கோர்ட்டின் உத்தரவால்தான் எச்.ஐ.வி. உள்ள கர்ப்பிணிகளுக்கு அரசு ஆஸ்பத்திரிகளில் மருந்து கிடைத்தது, எத்தனையோ குழந்தைகள் பிழைத்தன. அதையும் சொல்ல வேண்டும். ஆனால் மண்மேட்டிலிருந்து பார்த்த அந்த இரண்டு ஊர்களும் இன்னும் இரண்டாகத்தான் இருக்கின்றன.

இன்னும் ஓர் இடம்

மதியம் தாண்டிவிட்டது. அக்காவே கேட்டாள், "வள்ளியம்மை சமாதி இந்தப் பக்கம்தான்னு சொன்னாங்களே, பார்த்துட்டே போயிடலாமா?" பிராம்ஃபாண்டெய்ன் கல்லறைத் தோட்டம், குன்றிலிருந்து காரில் கொஞ்ச நேரம்.

தில்லையாடி வள்ளியம்மை என்று நாம் சொன்னாலும் அவர் பிறந்தது ஜோகன்னஸ்பர்க்கில். தில்லையாடி பெற்றோரின் ஊர். அவர் சிறை போனது எதற்காக என்று பள்ளிப் பாடத்தில் ஒரு வரியில் தாண்டியிருப்போம். அதுவும் ஒரு கோர்ட் தீர்ப்பில் தொடங்கியதுதான். 1913 மார்ச்சில் கேப் நீதிமன்றத்தில் நீதிபதி சேர்ல், கிறிஸ்தவ முறைப்படி நடந்து பதிவாகாத திருமணம் இந்த நாட்டில் செல்லாது என்கிற மாதிரி தீர்ப்புச் சொன்னார். தாலி கட்டியவர்கள் எல்லாம் ஒரே நாளில் மனைவி இல்லாமல் ஆனார்கள். பிள்ளைகள் வாரிசு இல்லாமல் ஆனார்கள். அதோடு 3 பவுண்ட் தலைவரி. பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். வள்ளியம்மைக்குப் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் மூன்று மாதக் கடுங்காவல். காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரி 22ல் இறந்தார். வயது 16. அந்த ஜூலையில், தென்னாப்பிரிக்காவை விட்டுக் கிளம்புவதற்குச் சில நாட்கள் முன்பு, காந்தி இதே தோட்டத்துக்கு வந்து நாகப்பனுக்கும் வள்ளியம்மைக்கும் கல்லைத் திறந்து வைத்தார்.

காவலாளியிடம் வழி கேட்டு, இரண்டு முறை தவறிப் போய், கண்டுபிடித்தோம். காய்ந்த புல். காற்று.

1914லேயே ஒரு சட்டம் வந்து ஓரளவு தீர்வு கிடைத்தது. ஆனால் முழுசாகத் தீரவில்லை என்று அக்காவிடம் சொன்னேன். இந்து முறைப்படி மட்டும் கல்யாணம் செய்து, பதிவு செய்யாமல் இருந்த ஒரு பெண், கணவர் உயில் எழுதாமல் இறந்ததும், சொத்தில் மனைவி என்ற பங்குக்காக டர்பன் உயர்நீதிமன்றம் போனார். அது 2009. இஸ்லாமிய முறைத் திருமணங்களைச் சட்டம் அங்கீகரிக்காமல் விட்டது தவறு என்று குன்றின் மேல் உள்ள கோர்ட் சொன்னது 2022 ஜூனில். வள்ளியம்மை இறந்து 108 வருடம் கழித்து.

"அந்த டர்பன் அம்மா ஜெயிச்சாங்களா?" என்றாள் அக்கா.

"ஜெயிச்சாங்க."

அக்கா சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "இங்க யாரும் இல்ல, போனை எடு" என்றாள். ஒரு படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். ஊரில் அப்போது மாலை நேரம். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது.

"எழும்பூர் கோ-ஆப்டெக்ஸ் மாளிகைக்கு இவங்க பேர்தானே? நல்லா பூ வாங்கி வச்சியா?"

வாங்கவில்லை. பூக்கடை எங்கே இருக்கும் என்று அக்காவுக்கும் தெரியவில்லை. கேட் மூடுவதற்குள் வந்துவிடலாம் என்று இருவரும் வேகமாக நடந்தோம்.